யோசியாவின் வழியில் நாவலர்: சைவதூஷணபரிகாரமும் இஸ்ரவேலின் மனந்திரும்புதலும்

ஆறுமுக நாவலரின் சைவதூஷணபரிகாரம் (1854) குறித்து ஆய்வாளரிடையே ஏறத்தாழ நிலைத்துவிட்ட கருத்து ஒன்று உண்டு. பாதிரிமார் சைவத்தின்மேல் சுமத்திய ஒவ்வொரு பழிக்கும் பழைய ஏற்பாட்டிலிருந்து ஓர் ஒப்பைக் காட்டி அவர்கள் வாயை அடைத்த கண்டன நூல் அது என்பதும், அதில் விளங்கும் விவிலிய அறிவு வாதத்துக்காகக் கைக்கொண்ட ஆயுதமே என்பதும் அந்தக் கருத்து. அதன்மேல் இன்னொரு குற்றமும் ஏற்றப்படுகிறது. நாவலர் மோசேயின் சட்டத்தோடு நின்றுவிட்டார். ஆமோசும் ஏசாயாவும் அதே கோயிலையும் அதே பலியையும் இடித்துரைத்ததை அவர் கண்டுகொள்ளவில்லை. ஆதலால் இஸ்ரவேலின் வரலாறு கற்பிக்கும் உள்ளார்ந்த நம்பிக்கையும் மனந்திரும்புதலும் அவருடைய ஒப்பீட்டுக்கு எட்டாதவை என்பது அது. இவற்றோடு சேர்ந்து வருவது, அச்சகமும் பிரசங்கமும் பாடசாலையும் வினாவிடையும் மிஷனிடம் கற்றவை, எனவே அவர் சைவத்துக்கு வாய்த்த லூத்தர் என்ற முடிபு.

முதற்கருத்தில் பாதி உண்மை உண்டு. மற்றை இரண்டும் நூலையும் அதன் காலத்தையும் பிழையாகப் படித்ததால் வந்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம். 1854ஆம் ஆண்டு நூலைத் தனியே வைத்துப் படிப்பதுதான் அந்தப் பிழைக்கு வேர். அதற்கு இரண்டாண்டு முன் வெளிவந்த பெரியபுராண வசனத்தோடும், பதினெட்டு ஆண்டு பின் வெளிவந்த யாழ்ப்பாணச் சமயநிலையோடும் சேர்த்துப் படித்தால் வேறொரு வடிவம் தெரிகிறது.

நூல் வெளிவந்த சிறிது காலத்தில் வெஸ்லியன் மிஷன் அறிக்கை ஒன்று அதைப் பற்றி எழுதியது. அந்தக் குறிப்பு பலராலும் எடுத்தாளப்படுவது. அதன் சாரம் இது. ஆசிரியருக்கு விவிலியத்தில் வியக்கத்தக்க பழக்கம் இருக்கிறது. யெகோவாவின் பழைய மக்களுடைய கொள்கைகளும் சடங்குகளும் சைவத்தை நெருங்க ஒத்தவை என்றும், தெய்வத் தோற்றத்திலோ பயனிலோ ஒன்று மற்றதற்கு மேலும் இல்லை கீழும் இல்லை என்றும் காட்ட அவர் உழைத்திருக்கிறார். புண்ணியம், தவம், யாத்திரை, இலிங்க வழிபாடு, நீராட்டு, மந்திரம் முதலியவற்றை எங்கள் வேதத்தைக் கொண்டே தந்திரமாகக் காத்திருக்கிறார். சைவத்துக்குச் சார்பாகப் பெரிய விளைவு உண்டானதை மறுக்க முடியாது.

இந்த அறிக்கையை நாவலருக்குக் கிடைத்த நற்சான்றாக எடுத்துக்காட்டுவது நம்மிடையே வழக்கம். நான் பார்ப்பது வேறு. ‘தந்திரம்’ என்ற மதிப்பீடு அறிக்கை எழுதிய பாதிரியாருடையது. பிற்கால ஆய்வு அந்த மதிப்பீட்டைப் பெயர் மாற்றி ‘வாத உத்தி’ என்று சுவீகரித்துக்கொண்டது. ஆனால் அதே அறிக்கை தன்னை அறியாமலே வேறொன்றையும் பதிவுசெய்திருக்கிறது. இஸ்ரவேலின் சடங்கும் சைவச் சடங்கும் ஒரே தரத்துத் தெய்விகம் உடையவை என்று நாவலர் வாதித்தார் என்கிறதே, அதைக் கவனிக்க வேண்டும்.

பழிக்கு மறுமொழி இரண்டு வகையாக வரலாம். ‘என்னிடம் காணும் அழுக்கு உன்னிடமும் உண்டு’ என்பது ஒன்று. ‘உன்னிடம் தூயதாக நீ போற்றுவதே என்னிடமும் இருக்கிறது’ என்பது மற்றது. முதலாவது வெறும் வாதம். அதற்கு எதிரியின் நூலில் மதிப்பு வேண்டியதில்லை. மதிப்பு இல்லாதிருப்பதே நல்லது. இரண்டாவது அப்படியன்று. ஆசரிப்புக் கூடாரமும் உடன்படிக்கைப் பெட்டியும் சாலொமோன் கட்டிய ஆலயமும் உண்மையில் கடவுளை அணுகும் வழிகளாக இருந்தன என்று ஒப்புக்கொண்டாலன்றி அந்த வாதம் நகராது. சைவதூஷணபரிகாரம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கண்டன நூல்களின் வெம்மை அதில் இல்லாமல் இல்லை. ஆயினும் அதன் நடுவில் இஸ்ரவேலின் கோயில்மேல் ஒரு மரியாதை இருக்கிறது. 1840களின் தொடக்கத்தில் உதயதாரகைப் பத்திரிகையில் வெளிவந்த, அவருடையது என்று கொள்ளப்படும் கடிதத்திலும் இதே நிலைப்பாடுதான்: கிறிஸ்தவத்தின் வேர் கோயில் வழிபாட்டில் இருக்க, அதை மறைத்துப் பேசுவது ஏன் என்ற கேள்வி.

இந்த மரியாதை எங்கிருந்து வந்தது என்பதற்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. பேர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பு 1850இல் பதிப்பாகி வந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில், தம் இருபதுகளில், நாவலர் அந்தப் பணியில் பேர்சிவலோடு இருந்தார். விவிலியத்தை வாதத்துக்காகப் புரட்டிப் பார்ப்பவனுக்கு லேவியராகமம் சலிப்பூட்டும் நூல். தமிழாக்கம் செய்பவனுக்கு அப்படியன்று. கொழுப்பு எங்கே எரிக்கப்பட வேண்டும், இரத்தம் எத்தனை தரம் தெளிக்கப்பட வேண்டும், எவ்வகைத் தீட்டுக்கு எத்தனை நாள் என்பவற்றுக்கெல்லாம் அவன் சொல் தேட வேண்டும். ஆகம மரபில் வளர்ந்த ஒருவர் அந்த அதிகாரங்களில் ஒரு சிவாசாரியரின் பத்ததியைக் கண்டிருப்பார் என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

இங்கே எதிர்க்கருத்தாளரின் மையக் குற்றச்சாட்டுக்கு வரலாம். சடங்கு வேறு, மனந்திரும்புதல் வேறு. நாவலர் சடங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மனந்திரும்புதலை விட்டுவிட்டார் என்கிறார்கள். இந்தப் பிரிவினை லேவியராகமத்தில் இருக்கிறதா?

ஆறாம் அதிகாரத்தின் தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவன் அயலான் ஒப்படைத்த பொருளை இல்லை என்று மறுக்கிறான்; அல்லது பறித்துக்கொள்கிறான்; அல்லது காணாமற்போனதைக் கண்டெடுத்தும் பொய்ச்சத்தியம் செய்கிறான். அவனுக்குப் பரிகாரம் என்ன? முதலில் முழுப் பொருளையும் உடையவனுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குமேல் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். பிறகுதான் குற்றநிவாரணபலியாக ஆட்டுக்கடாவை ஆசாரியனிடம் கொண்டுவரலாம். ஐந்தாம் அதிகாரம் தான் செய்த பாவத்தை வாயால் அறிக்கையிடுவதைப் பலிக்கு முன் வைக்கிறது. பதினாறாம் அதிகாரத்தில், பாவநிவாரண நாளன்று, ஆரோன் இரண்டு கைகளையும் வெள்ளாட்டின் தலைமேல் வைத்து மக்களின் அக்கிரமங்கள் அனைத்தையும் சொல்லி முடித்த பின்னரே அந்த ஆடு வனாந்தரத்துக்கு அனுப்பப்படுகிறது. இந்த இடங்களில் அறிக்கையோ ஈடுசெய்தலோ முன்செல்லாத பலியை அந்தச் சட்டம் அறியாது. பலிக்குள்ளேயே மனந்திரும்புதல் இருக்கிறது. கையாலும் வாயாலும் பொருளாலும் அது நிறைவேற்றப்படுகிறது.

அவ்விரண்டையும் பிரித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீர்திருத்தச் சபையின் இறையியல். மனந்திரும்புதல் நெஞ்சுக்குள் நடப்பது, சடங்கு வெறும் புறத்தோற்றம் என்ற வகுப்பை வட்டுக்கோட்டைக்கும் தெல்லிப்பழைக்கும் கொண்டுவந்தவர்கள் மிஷனரிகள். அந்த வகுப்பைப் பழைய இஸ்ரவேலின்மேல் ஏற்றி, பின் அதைக் கொண்டு நாவலரை அளந்து, அவரிடம் குறை காண்பது முறையாகாது. அவர் சடங்கின் பக்கம் நின்றபோது மனந்திரும்புதலை விட்டு விலகி நிற்கவில்லை.

இதைச் சாம்பலைக் கொண்டு இன்னும் தெளிவாக்கலாம். நாவலர் தொடக்கிய ஒப்பீட்டில் நாமாக ஒரு படி நடந்து பார்ப்பது இது. அவருடைய நூலின் வாசகமாக இதை நான் தரவில்லை. எண்ணாகமம் 19இல் பழுதற்ற சிவப்புக் கிடாரி சுட்டெரிக்கப்பட்டு அதன் சாம்பல் சேர்த்துவைக்கப்படுகிறது. தீட்டுக் கழிக்கும் நீரில் அது கலக்கப்படுகிறது. யோபு கடைசியில் தூளிலும் சாம்பலிலும் இருந்து மனம் வருந்துகிறான். யோனாவின் சொல் கேட்ட நினிவே அரசன் சிங்காசனம் விட்டிறங்கிச் சாம்பலில் உட்காருகிறான். சிறையிருப்பில் இருந்த தானியேல் உபவாசத்தோடும் சாம்பலோடும் தன் மக்களின் பாவத்தை அறிக்கையிடுகிறான். ஒரே பொருள் ஓரிடத்தில் தூய்மை செய்கிறது, இன்னோரிடத்தில் துயரத்தைக் காட்டுகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே தாங்கும் பொருள் சைவனுக்குப் புதியதன்று. பசுவின் சாணத்தை விதிப்படி நீறாக்கி நெற்றியில் இடும் மரபு, தூய்மையும் நிலையாமையும் வருத்தமும் ஒன்றாகவே அறியப்படும் மரபு.

சைவத்துக்குள்ளே மனந்திரும்புதலுக்கு இடமே இல்லை, ஆகையால் நாவலர் அதைத் தேடியிருக்க வழியில்லை என்றும் ஒரு தரப்பு எழுதுகிறது. இதற்கு நீண்ட மறுப்புத் தேவையில்லை. திரிலோசன சிவாசாரியாரின் பிராயச்சித்தசமுச்சயம் பன்னிரண்டாம் நூற்றாண்டு நூல். ஆகம மரபில் குற்றமும் கழுவாயும் எவ்வளவு நுணுக்கமாக எண்ணப்பட்டன என்பதற்கு அது போதும். ஆனால் யாழ்ப்பாணத்துச் சைவன் மனந்திரும்புதலை அறிந்தது அந்த வடமொழி நூலால் அன்று. திருநாவுக்கரசரின் வரலாற்றால் அறிந்தான்.

மருள்நீக்கியார் என்ற இயற்பெயருடைய அப்பர் சமணத்துக்குப் போய்த் தருமசேனராகிறார். சூலைநோய் வருத்துகிறது. அமணர் மந்திரம் பலிக்கவில்லை. தமக்கை திலகவதியாரிடம் இரவில் வருகிறார். தமக்கை கையால் திருநீறு பெற்றுத் திருவதிகைக் கோயிலுக்குள் போகிறார், பாடுகிறார், நோய் நீங்குகிறது. அதன் பின்னும் தம் உடல் சமணத்தோடு தொடர்புற்ற குற்றம் அவரை விடவில்லை. திருத்தூங்கானைமாடத்தில் சூலமும் இடபமும் தம் மேனியில் பொறிக்க வேண்டுகிறார். விலகல், துன்பம், திரும்புதல், அடையாளம் என்ற இந்த வரிசையை நியாயாதிபதிகள் இரண்டாம் அதிகாரம் சொல்லும் சுழற்சியோடு வைத்துப் பார்த்தால் ஒப்பு வெளிப்படை. அங்கே மக்கள் தம் கடவுளை விட்டுப் பாகால்களைச் சேவிக்கிறார்கள், பகைவர் கையில் விடப்படுகிறார்கள், முறையிடுகிறார்கள், மீட்பன் எழுப்பப்படுகிறான். பத்தாம் அதிகாரத்தில் அவர்கள் தாம் பாவம் செய்ததை வாயால் சொல்லி அந்நிய தேவர்களை அகற்றவும் செய்கிறார்கள். ஒரு வேறுபாடு உண்டு. இஸ்ரவேலில் திரும்புவது ஒரு மக்கட்கூட்டம், திருவதிகையில் திரும்புவது ஒரு தனியடியார். இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகிறது.

பெரியபுராணத்தை நாவலர் வசனமாக்கி வெளியிட்டது 1852இல். சைவதூஷணபரிகாரம் எழுதியவரின் மேசையில் லேவியராகமமும் அப்பர் சரிதமும் ஒருங்கே கிடந்த காலம் அது. ஒன்றை விட்டு ஒன்றைப் படித்து, அவர் மனந்திரும்புதலை அறியாதவர் என்று முடிவுகட்டுவது எளிது.

இயேசுவோடு பழைய சடங்கெல்லாம் முடிந்துவிட்டது, ஆதலால் இஸ்ரவேலின் ஆலயத்தை எடுத்துக்காட்டுவது பயனற்றது என்று பாதிரிமார் அன்று சொன்னார்கள். இன்றும் சிலர் அதை நாவலருக்கு விடையாக எழுதுகிறார்கள். இயேசுவே அந்த ஆலயத்துக்குப் போனார். அப்போஸ்தலர் அதன்பின்னும் ஜெபவேளையில் அங்கே ஏறிப் போனார்கள். முடிந்ததா இல்லையா என்பது சபையின் உள்விவகாரம். ஒரு காலத்தில் அது கடவுள் கட்டளையாக இருந்தது என்ற அளவே நாவலரின் வாதத்துக்குப் போதும்.

இனி, தீர்க்கதரிசிகள் எங்கே என்ற கேள்வி. 1854இல் அவர்கள் முன்னிடம் பெறவில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. புறத்தார் பழிக்கும்போது வீட்டுக்குள் இருக்கும் குறையை எடுத்துப் பேசும் நூல் அதுவன்று. ஆனால் வீட்டாரிடம் பேசும்போது நாவலர் என்ன பேசினார்? 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் தொடங்கிய பிரசங்கங்களில் கொலை மறுத்தல், கள்ளுண்ணாமை, ஈகை என்பன பொருள்களாக இருந்தன. கேட்டவர்கள் சைவர், கண்டிக்கப்பட்டவர்களும் சைவர். 1872இல் வந்த யாழ்ப்பாணச் சமயநிலை இதன் முழு வடிவம். கோயில்களில் ஆடும் கோழியும் வெட்டப்படுவது, தேவடியார் கூத்து, ஆகமம் அறியாத அருச்சகர், கோயிற் பொருளைத் தம் பொருளாக எண்ணும் அதிகாரிகள், சிவனை விட்டுச் சிறுதெய்வங்களைப் பற்றிக்கொள்ளும் சனங்கள் என்று தம் ஊரின் குற்றங்களைத் தம் ஊருக்கே எடுத்துச் சொல்கிறார். பாதிரிமார் அந்தப் பத்திரத்தைக் கையில் எடுத்து மகிழக்கூடும் என்பது அவருக்குத் தெரியாமல் இராது. தெரிந்தும் எழுதினார். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் பற்றி அதே பத்தாண்டில் அவர் வெளியிட்ட பத்திரிகைகளும் இந்த வரிசையில் நிற்பவை. ஊரின் பெருங்கோயிலை, அதன் மூலத்தானம் ஆகமத்துக்கு ஒத்ததன்று, அதன் நடைமுறை ஆகமத்துக்கு ஒத்ததன்று என்று பெயர் சொல்லி எழுதினார். எரேமியா ஆலயத்து வாசலில் நின்று, இது கர்த்தருடைய ஆலயம் என்று சொல்லிச் சொல்லி உங்களையே ஏமாற்றாதேயுங்கள் என்ற பொருளில் பேசியதை (எரேமியா 7) அறிந்த எவரும் இந்தப் பத்திரிகைகளை வேறு விதமாகப் படிக்க முடியாது.

ஆயினும் எரேமியாவைவிட நெருங்கிய ஒப்பு ஒன்று உண்டு. அதுவே இக்கட்டுரையில் நான் முன்வைக்க விரும்புவது. இரண்டாம் இராஜாக்கள் 22, 23ஆம் அதிகாரங்களில் யூதாவின் அரசன் யோசியாவின் வரலாறு வருகிறது. அவனுடைய பதினெட்டாம் ஆட்சியாண்டில், கி.மு. 622 அளவில், ஆலயத்தைப் பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது. தச்சருக்கும் சிற்பருக்கும் கொத்தருக்கும் பணம் கொடுக்கப்படுகிறது. அப்போது ஆசாரியனாகிய இல்க்கியா ஆலயத்துக்குள் நியாயப்பிரமாண நூலைக் கண்டெடுக்கிறான். சாப்பான் அதை அரசன் முன் வாசிக்கிறான். கேட்ட அரசன் தன் உடையைக் கிழித்துக்கொள்கிறான். உல்தாள் என்ற தீர்க்கதரிசினியிடம் ஆள் அனுப்பி விசாரிக்கிறான். பின் பெரியோர் சிறியோர் எல்லாரையும் ஆலயத்தில் கூட்டி அந்த நூலைத் தானே வாசிக்கிறான். பாகாலுக்குரிய பணிமுட்டுகள் எரிக்கப்படுகின்றன, மேடைகள் இடிக்கப்படுகின்றன, முறையற்ற பூசாரிகள் நீக்கப்படுகிறார்கள், கடைசியில் பஸ்கா பண்டிகை விதிப்படி கொண்டாடப்படுகிறது.

இந்த வரலாற்றில் மனந்திரும்புதலின் வடிவத்தைப் பாருங்கள். கோயில் ஒழிக்கப்படவில்லை. ஆசாரியர் ஒழிக்கப்படவில்லை. பலி ஒழிக்கப்படவில்லை. நூல் ஒன்று இருக்கிறது, நடைமுறை அந்த நூலை விட்டு நெடுந்தூரம் போய்விட்டது என்ற அறிவு வருகிறது. அந்த அறிவு துயரமாகிறது. துயரம் பொது வாசிப்பாகிறது. வாசிப்பு கோயிலைச் சுத்திசெய்வதாகிறது. நாவலர் செய்தது இதுவே. அவருக்கு நூல் ஆகமம். மேடைகள் ஊர்தோறும் இருந்த சிறுதெய்வக் கோயில்கள். முறையற்ற பூசாரிகள் தீட்சையும் கல்வியும் அற்ற அருச்சகர். லூத்தர் ஆசாரியத்துவத்தின் அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கினார். பலிபூசை என்ற கருத்தையே தள்ளினார். நாவலரிடம் அதன் சாயல்கூடக் கிடையாது. ஆசாரியன் நல்ல ஆசாரியனாக வேண்டும், பூசை விதிப்படி நடக்க வேண்டும் என்பதற்கு அப்பால் அவர் எதையும் கேட்கவில்லை.

யோசியாவின் பெயரை எடுத்து நாவலர் இப்படிச் சொன்னார் என்று நான் வாதிடவில்லை. நேரடியாக அங்கிருந்து எடுத்தார் என்றும் நிறுவ முயலவில்லை. இரண்டாம் இராஜாக்களைத் தமிழில் கொண்டுவந்த பணியோடு தொடர்புற்றிருந்தவர், கோயிலை மையமாகக் கொண்ட திருத்தத்துக்கு ஒரு முன்மாதிரியை அங்கே கண்டிருக்கக்கூடும் என்ற அளவில் நிற்கிறேன். ஆனால் வடிவ ஒற்றுமை என்ற அளவில், லூத்தர் ஒப்பீட்டைவிட இது எல்லா வகையிலும் வலியது.

பிரசங்கமும் அச்சும் மிஷனிடம் வந்தவை அல்லவா என்றால், கருவிகள் வந்தன என்பதில் தடையில்லை. அவை வந்த இடம் அவற்றால் செய்த வேலையின் இயல்பைத் தீர்மானிக்காது. அதுமட்டுமன்று, நூலை மக்கள் முன் வாசித்துப் பொருள் சொல்வது பாதிரிமாரின் கண்டுபிடிப்பும் அன்று. நெகேமியா எட்டாம் அதிகாரத்தில் எஸ்றா மரப்பீடத்தில் நின்று வாசிக்க, லேவியர் அர்த்தம் விளங்கச் சொல்லுகிறார்கள். கேட்ட மக்கள் அழுகிறார்கள். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணத்தை ஒருவர் வாசிக்க ஒருவர் பயன் சொல்லும் புராணபடனம் நாவலர் பிறந்தபோதே ஊரில் இருந்தது.

இதுவரை சொன்னது நாவலருக்குச் சார்பானது. யோசியாவின் ஒப்பை ஏற்றுக்கொண்டால் அதன் சுமையையும் ஏற்க வேண்டும்.

மேடைகள் இடிக்கப்பட்டபோது இடிந்தது யாருடைய பக்தி? கண்ணகி வழிபாட்டை நாவலர் கடுமையாகக் கண்டித்தார். குடாநாட்டில் கண்ணகி அம்மன் கோயில்கள் பல பின்னாளில் இராசராசேசுவரி, புவனேசுவரி, நாகபூஷணி என்ற பெயர்களுக்கு மாறின. மழைக்கும் அம்மைநோய்க்கும் அந்தத் தாயை நம்பி வளந்து வைத்தவர்களின் நம்பிக்கை, நம்பிக்கை அல்லாமல் வேறென்ன? ஆகமத்தால் அளக்கும் கண்ணுக்கு அது தெரியவில்லை. யோசியாவின் வரலாற்றை எழுதியவர்களுக்கும் மேடைகளில் தூபம் காட்டியவர்களின் நெஞ்சு தெரியவில்லை. நூலால் நடக்கும் மனந்திரும்புதலுக்கு இந்தக் குருட்டுப்பக்கம் எப்போதும் உண்டு என்றே கருதுகிறேன்.

இதைவிடப் பெரிய சுமையை எரேமியா 22 ஏற்றுகிறது. யோசியாவின் மகனைப் பார்த்துத் தீர்க்கதரிசி பேசுகிறார். உன் தகப்பன் ஏழையின் வழக்கையும் எளியவனின் வழக்கையும் நீதியாக விசாரித்தானே, என்னை அறிவது என்பது அதுவல்லவா என்பது அதன் கருத்து. மேடை இடித்ததையும் பஸ்கா கொண்டாடியதையும் அந்த வசனம் சொல்லவே இல்லை. இந்த அளவுகோலை நாவலர்மேல் வைத்தால் அளவு இரண்டாகப் பிரிகிறது. 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்து ஊரின் பட்டினியைத் தணிக்க முன்நின்றவர் அவர். ஏசாயா 58 கேட்கும் உபவாசம் அதுதான். அதை எந்தத் தயக்கமும் இன்றிச் சொல்லலாம். ஆனால் சாதியாசாரத்தை அவர் தம் நூல்களில் ஏற்று விதித்தார். 1872இன் குற்றப்பட்டியலில் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வழக்கு இல்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் அந்த வழக்கை அவர்களே கொண்டுவந்து நிற்க வேண்டியதாயிற்று. காலத்தின் குறை என்று இதைத் தள்ளிவிடுவாரோடு என்னால் உடன்பட முடியவில்லை. ஆமோஸ் வாழ்ந்ததும் ஒரு காலத்தில்தான். தம் காலத்தின் பலியாட்டைக் கண்டிக்க முடிந்தவருக்கு அடுத்த குற்றத்தையும் காணும் கண் இருந்தது, காணவில்லை.

மிருகபலியில் அவருடைய சொல் மெதுவாகத்தான் பலித்தது. நல்லூரில் இன்று வெட்டு இல்லை. ஆனால் அங்கே மூலத்தானத்தில், ஆகமத்துக்கு ஒத்ததன்று என்று அவர் சொன்ன வேல்தான் இருக்கிறது, அந்த வாதத்தில் அவர் தோற்றார். வேறு சில கோயில்களில் வேள்வி தொடர்ந்தது. 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் தலையிட்டே அதைத் தடைசெய்தது. ஒரு சமூகம் தன் நூலைக் கேட்டுத் திரும்புவதும், நீதிமன்றக் கட்டளைக்கு அடங்குவதும் ஒன்றல்ல. யூதாவின் கதையும் இதையே சொல்கிறது. யோசியா மெகிதோவில் மடிந்தவுடன் அவன் கட்டளையால் நின்ற திருத்தம் கலைந்தது, கி.மு. 586இல் எருசலேம் எரிந்தது.

இந்த இடத்தில் அப்பரையும் இஸ்ரவேலையும் பிரித்த வேறுபாட்டுக்குத் திரும்ப வேண்டும். ஊரோடு திரும்புவது என்றால் என்ன? சாலொமோன் ஆலயப் பிரதிஷ்டையில் செய்த மன்றாட்டு (1 இராஜாக்கள் 8) சிறைப்பட்டுப் போன மக்களை முன்கூட்டியே எண்ணிப் பேசுகிறது. அவர்கள் அந்நிய தேசத்திலிருந்து இந்த ஆலயம் இருக்கும் திசையை நோக்கி வேண்டினால் கேட்டருள வேண்டும் என்கிறது. ஆனால் வேண்டுதலுக்கு முன் ஒரு நிபந்தனை இருக்கிறது. நாங்கள் பாவம் செய்தோம், அக்கிரமம் செய்தோம் என்று அவர்களே சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் போரால் இடம்பெயர்ந்து மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனார்கள். அதை இஸ்ரவேலரின் புறப்பாட்டோடும் சிறையிருப்போடும் ஒப்பிடும் பேச்சு நம் ஊரில் அரிதன்று. அந்தத் துயரத்துக்கு அந்த ஒப்பு தகும். ஆனால் அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுக்கு முன், 1990இல் அதே ஒக்டோபர் 30இல், யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணித்தியாலத்துக்குள் தங்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். சிறையிருப்பு வசனங்களை நமக்கு எடுத்துக்கொண்டு, அவ்வசனங்களுக்கு முன்நிற்கும் அறிக்கையை விட்டுவிட்டால், நாம் படிப்பது இஸ்ரவேலின் வரலாறு ஆகாது. நெகேமியா ஒன்பதாம் அதிகாரத்தில் திரும்பி வந்தவர்கள் தங்கள் பாவத்தையும் தங்கள் பிதாக்களின் அக்கிரமத்தையும் நின்றபடி அறிக்கையிடுகிறார்கள். ஆணையிட்டது நாங்கள் அல்லோம் என்று அவர்களும் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

சடங்கையும் மனந்திரும்புதலையும் பிரிக்காத லேவியராகமம் இங்கேயும் தெளிவாக இருக்கிறது. சோனகத்தெருவுக்குத் திரும்பி வந்த முஸ்லிம்களின் வீடும் காணியும் கடையும் அதன் கணக்கில் முதலில் வருவன, ஆட்டுக்கடா பின்னர். குடாநாட்டின் பிரசங்க மேடைகள், தேவாலயத்தில் உள்ளவையும் கோயில் மண்டபத்தில் உள்ளவையும், அந்த ஆறாம் அதிகாரத்தை இன்னும் இந்த வழக்குக்கு எடுத்து வாசிக்க வேண்டியிருக்கிறது. நாவலரின் வழியில் நிற்பவர்களுக்கு அதை மறுக்கக் காரணம் ஒன்றும் இல்லை. அந்த அதிகாரங்களைச் சைவரும் மதித்துப் படிக்க வழி திறந்தவர் அவர்தான்.